புள்ளிவிவரம்: எண்ணியதா, குத்துமதிப்பா?

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற சொல்லுக்குள்ளேயே ஸ்டேட், அதாவது அரசு, உட்கார்ந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் காட்ஃப்ரீட் ஆக்கன்வால் பரப்பிய 'ஸ்டாட்டிஸ்டிக்' ஒரு நாட்டின் நிலவரத்தை விவரித்து எழுதும் கலை. எண்கள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

தமிழில் புள்ளி + விவரம். விவரம் வடமொழி வழி வந்தது, புள்ளி நம்முடையது. அது பொட்டு மட்டுமல்ல, ஆளும்தான். பெரும்புள்ளி, முக்கியப் புள்ளி என்கிறோமே! கோயில் வரி பிரிக்கும்போது "மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்கும் ஊர்கள் உண்டு. ஆக, புள்ளி என்றாலே எண்ணியாயிற்று என்று பொருள். சிக்கலே அங்கேதான்.

ராயப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்கும் அக்காவிடம் மாத வருமானம் கேட்டேன். "மாவு தீர்ந்தா லாபம், மீந்தா நஷ்டம். இதுல மாசக் கணக்கு எங்கப்பா?" என்றார். அவரையும் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சேர்த்தாக வேண்டும். என்றோ எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின் சராசரியை ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, ஆண்டுக்காண்டு ஏதோ ஒரு வளர்ச்சி விகிதத்தில் ஏற்றிக்கொண்டே போவது வழக்கம். அந்தக் கணக்குக்கு அடித்தளம் அடிப்படை ஆண்டு, அதாவது மற்ற ஆண்டுகளை ஒப்பிட்டு அளக்க எடுத்துக்கொள்ளும் ஆண்டு. பணமும் ஆளும் போதாத ஏழை நாடுகளில் அது அப்படியே பழசாகிக் கிடக்கும். நைஜீரியா செல்போன் வராத 1990-ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் அதை 2010-க்கு மாற்றி, செல்போன் சேவை, சினிமா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்ததும் 2013-க்கான ஜிடிபி சுமார் 89 சதவீதம் எகிறியது, தென்னாப்பிரிக்காவையும் முந்திவிட்டது. யார் பையிலும் ஒரு நைரா கூடவில்லை! கானாவிலும் 2010-இல் இதே கதை, அங்கே சுமார் 60 சதவீதம்.

சரி, இதை என்னவென்று சொல்வது? வீடு வீடாக எண்ணினால் புள்ளிவிவரம், ஜிடிபிக்கு மதிப்பீடு, அதுதான் என் கட்சி. மத்திய அரசின் ஜிடிபி அறிக்கையே 'முன்கூட்டிய மதிப்பீடு' என்றுதான் வருகிறது, தலைப்புச் செய்தியில்தான் புள்ளிவிவரமாகிறது. குத்துமதிப்பு என்று கேலி செய்யவும் வேண்டாம். மதிப்பீட்டுக்கு ஒரு முறை உண்டு, குத்துமதிப்புக்கு வாய் போதும்.

புள்ளியியல் என்றும் மாற்றி எழுதாதீர்கள், அது படிப்பின் பெயர். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருப்பது தமிழக அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, அங்கிருந்து வெளிவருபவை புள்ளிவிவரங்களும் மதிப்பீடுகளும்.