சாக்: சொல் விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். எறிய ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டவிடாமல் அவரைத் தரையில் சாய்த்தால் அது 'சாக்'. பந்தோடு ஓட வந்தவரை மடக்கினால் கணக்கில் சேராது. எறிய நின்றவராக இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மூட்டை என்றும் பொருள், ஊரைச் சூறையாடுதல் என்றும் பொருள். கொள்ளைப் பொருளை அள்ளிப்போடும் பையிலிருந்துதான் சூறை என்ற பொருள் கிளைத்தது. லத்தீனில் சக்குஸ், கிரேக்கத்தில் சக்கோஸ். நம் அரிசிச் சாக்கும் ஐரோப்பியர் வழியாக வந்த அதே குடும்பம்தான்.

ஆட்டத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது தாமே என்று சொல்லிக்கொண்டவர் டீக்கன் ஜோன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர். ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் 1938இல் பிறந்தவர். இயற்பெயர் டேவிட், டேவிட் ஜோன்ஸ்கள் ஏராளம் என்று 'டீக்கன்' (தேவாலயத் திருத்தொண்டர்) என்ற பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டார். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்! அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், 1961இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது 14ஆவது சுற்றில், அதாவது யாரும் பெரிதாக மதிக்காத இடத்தில். மெர்லின் ஓல்சன், ரோஸி க்ரியர், லாமர் லண்டி ஆகியோரோடு சேர்ந்து எதிரணிகள் அஞ்சிய நால்வரில் ஒருவரானார். தம்மைத் தடுக்க வருபவரின் தலைக்கவசத்தில் பக்கவாட்டில் ஓங்கி அறைந்துவிட்டுக் கடந்துபோவது அவர் பாணி. 1977இல் அந்த அறையையே தடைசெய்தார்கள். ஊரை அழிப்பது போல எதிரணியை அழிப்பதுதான் சாக் என்பது அவர் தந்த விளக்கம்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை அமைப்பான என்எஃப்எல் சாக்கை வீரர்களின் கணக்கில் அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 1982இல்தான். ஜோன்ஸ் 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே ஏட்டின்படி அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. பழைய ஆட்டங்களைத் திரும்ப எண்ணியவர்கள் 173.5 என்கிறார்கள். ஏட்டில் முதலிடம் புரூஸ் ஸ்மித்துக்கு, 200. ஜோன்ஸ் 2013இல் காலமானபின், பருவத்தில் அதிக சாக் எடுப்பவருக்கான விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

தமிழில்? 'வீழ்த்தல்' போதாது, எல்லா மடக்கும் வீழ்த்தல்தான். 'பின்னடைவு' வீரரின் செயலைக் காட்டவில்லை. கபடியில் பழகிய 'பிடி'யோடு பழைய பொருளையும் சேர்த்து 'சூறைப்பிடி' எனலாம் என்பது என் பரிந்துரை. 'மூன்று சூறைப்பிடி, ஓர் அரைப்பிடி' என்று செய்தியில் எழுதவும் வரும்.