லேசிக்: உளி ஒளிந்திருக்கும் சொல்

பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கத் தொடங்கியதும் கும்பகோணத்துக் கண்ணாடிக் கடைகளில் எழும் கேள்வி: “லேசர் வைத்துப் பவரை எடுத்துவிடலாமா?” கண்ணிலிருந்து பவர் என்று எடுக்க எதுவும் இல்லை. நடப்பது செதுக்கு வேலை. இந்தச் சிகிச்சைக்கு வைத்த லேசிக் என்ற பெயரும் அதைத்தான் சொல்கிறது.

‘லேசர் அசிஸ்டட் இன் சிட்டு கெரட்டோமைலூசிஸ்’ என்பதன் சுருக்கமே லேசிக். கடைசிச் சொல் கிரேக்க வேர்களால் ஆனது. ‘கெராஸ்’ என்றால் கொம்பு. ‘ஸ்மைலூசிஸ்’ என்றால் செதுக்கல். ‘ஸ்மீலி’ என்றால் உளி. கொம்பை ஒத்த திசு என்ற பொருளில்தான் கண்ணின் முன்படலத்துக்குக் கார்னியா என்ற லத்தீன் பெயரும் வந்தது.

‘இன் சிட்டு’ என்றால் ‘இருந்த இடத்திலேயே’. இதன் அருமை முன்கதையைக் கேட்டால் புரியும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஹோசே பராக்கேர் என்ற கண் மருத்துவர் கார்னியாவின் ஒரு வட்டத் துண்டை வெட்டியெடுத்து, உறையவைத்து, கடைசல் இயந்திரத்தில் சீவி, மறுபடி கண்ணில் வைத்துத் தைத்தார். இன்றோ மேலடுக்கை ஓர் ஓரம் ஒட்டியிருக்க மடக்கி வைக்கிறார்கள். அடியிலுள்ள திசுவை எக்சைமர் லேசர் செதுக்குகிறது. மடக்கிய அடுக்கைத் திருப்பி வைத்தால் தையலின்றித் தானே ஒட்டிக்கொள்கிறது.

193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் புற ஊதாக் கதிரின் ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய கால் மைக்ரான் திசுவை நீக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கார்னியாவின் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்தான். கிட்டப்பார்வைக்கு நடுப்பகுதியைத் தட்டையாக்குவார்கள். தூரப்பார்வைக்குச் சுற்றுவட்டத்தைச் செதுக்கி நடுவின் வளைவைக் கூட்டுவார்கள். அக்கம்பக்கத்தைக் கருக்காமல் இந்தக் கதிர் உயிர்த்திசுவைச் செதுக்கும் என்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் சோதித்துப் பார்த்தார். நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய பெயர்.

தமிழில் எப்படிச் சொல்வது? லேசருக்குச் ‘சீரொளி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கார்னியாவை நூல்கள் ‘விழிவெண்படலம்’ என்கின்றன. ‘வெண்’ என்றதும் மனம் வெள்ளைவிழிக்குப் போய்விடுகிறது. கண் தானத்தின் வழியே கிராமம்வரை பரவியிருக்கும் ‘கருவிழி’யையே நான் எடுப்பேன்: சீரொளிக் கருவிழிச் செதுக்கல். ‘லேசர் கண் சிகிச்சை’ என்று மட்டும் சொன்னால் போதாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும் லேசர் வைக்கிறார்கள். அது வேறு வேலை.

‘செதுக்கல்’ என்பதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. சுவாமிமலையில் வார்த்தெடுத்த சிலைக்குக் கண் திறக்கும் ஸ்தபதியின் உளி எடுத்ததைத் திருப்பி வைக்காது. கருவிழியும் அப்படித்தான், போன திசு வளராது. அதனால்தான் முதலில் தடிமனையும் வளைவையும் அளக்கிறார்கள். கருவிழி மெலிந்து கூம்பி வருபவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடாது. நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தோ கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) விறைப்பதால் வருவது. இளமையில் லேசிக் செய்துகொண்டவர்களுக்கும் அந்த வயதில் படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.