விசையில் விரல், குழாயில் கால்

கை தவறித் துப்பாக்கி வெடித்தது, இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளத்தை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. உரிமம் பெற்ற .32 பிஸ்டல். கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, தோப்புக்குள் நடந்துகொண்டே குறிபார்க்கப் பழகியிருக்கிறார் உரிமையாளர். சொட்டுநீர்க் குழாயில் கால் இடறியது. குண்டு அவர் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது. அடுத்த வரிசை மரத்தில் ஒருவர் கள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"நான் விசையை அழுத்தவே இல்லை மாஷே (வாத்தியாரே)" என்றார் என்னிடம். நம்புகிறேன். மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை.

கூட்ட பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, மறு கையில் குடை. ஓட்டுநர் திடீரென பிரேக் போடுகிறார். கம்பியைப் பிடித்த கை மட்டுமா இறுகுகிறது? குடைப்பிடியும் சேர்ந்தே நசுங்கும். யாரும் யோசித்து அதைச் செய்வதில்லை. தடுமாறினாலும் இப்படித்தான், திடுக்கிட்டாலும் இப்படித்தான். விரல் விசையில் இருந்தால் துப்பாக்கி வெடிக்கும். மனஉறுதியோ பத்து வருட அனுபவமோ இதைத் தடுக்காது. 25 மீட்டர் போட்டிப் பிஸ்டலின் விசையை இழுக்கத் தேவையான குறைந்தபட்ச எடையே 1 கிலோதான். இறுகும் கைக்கு அது ஒரு பொருட்டா? "எனக்குக் கட்டுப்பாடு உண்டு" என்பவர்களைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர், 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் எல்லாமே நின்ற இடத்தில் சுடுபவை. பாரிஸில் 2024இல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதும் நின்றுகொண்டுதான். நகர்ந்து சுடும் ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகள் வேறு. அங்கே இலக்கைக் குறிவைக்காமல் நகரும்போது விரல் விசைக்காப்புக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) வெளியே இருக்க வேண்டும். துப்பாக்கி முனை இலக்குத் திசையிலிருந்து 90 பாகையைத் தாண்டித் திரும்பினால் அன்றைய போட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இந்த இரண்டையும் எந்தக் காணொளியிலும் மெதுவாகக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி: குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம், ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதியை) இழுத்துக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோப்பு சுடுதளம் அல்ல. .22 குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். தென்னை ஓலை அதைத் தடுக்காது. குண்டை வாங்கிக்கொள்ளும் மண்மேடும் பயிற்சியாளரும் இல்லாத இடத்தில் தோட்டாவைக் கையால் தொடாதீர்கள், உங்கள் பிள்ளைகளை நினைத்தாவது.

நடந்துகொண்டே சுடக் கற்க முதலில் துப்பாக்கியே வேண்டாம். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை உருட்டி நடக்க வேண்டும். இடுப்புக்கு மேலே அசைவு இருக்கக் கூடாது. பின்னோக்கி நடப்பதெல்லாம் பிறகு.

அந்தத் தோப்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய ஒரு டம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்கக் கொடுத்து, இருபது அடி நடக்கச் சொன்னேன். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அடுத்த ஞாயிறும் டம்ளர்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.