பேட்டரி இல்லாத கார்டு எப்படிப் பதில் சொல்கிறது?

டாலஸில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிரைவ் த்ரூ ஜன்னலில் கார்டைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். போனைக் காட்டினால் மெஷினை வெளியே நீட்டுகிறார்கள், அதுவும் சில நாள் மூன்று தடவை வைத்தால்தான் எடுக்கிறது. இரண்டில் எது பாதுகாப்பு? அதுசரி, பேட்டரியே இல்லாத கார்டு எப்படித்தான் வேலை செய்கிறது?"

கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவற்றுக்கும் போகிற போக்கில் பதில் வந்துவிடும்.

காரைவிட்டு இறங்காமல் சாப்பாடு வாங்குவது அமெரிக்காவில் பழைய பழக்கம். 1948இலேயே கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் இன்-என்-அவுட் கடை, பேசினால் உள்ளே கேட்கும் ஸ்பீக்கர் பெட்டியை வைத்துவிட்டது. மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ் த்ரூவை 1975இல் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் திறந்தது. பக்கத்து ராணுவ முகாமின் சிப்பாய்கள் வேலைச் சீருடையோடு காரைவிட்டு இறங்கக்கூடாது என்று விதி இருந்ததுதான் காரணம். அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கைமாறியது டாலர் நோட்டு. இன்றைக்குக் கார்டு, அல்லது போன்.

டெக்சாஸில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் ஒரு ஜன்னலில் கார்டை நீட்டினேன். என் விரலுக்கும் அந்தப் பெண்ணின் விரலுக்கும் நடுவே அது நழுவி, காருக்கும் சுவருக்கும் இடையில் போய் விழுந்தது. கதவைத் திறக்க இடமில்லை. தம்பி காரை முன்னால் நகர்த்த, நான் இறங்கி ஓடி, பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பார்க்கக் குனிந்து பொறுக்கினேன். அப்படி நான் பொறுக்கியது என்ன என்று பார்ப்போம்.

கார்டை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சிலவற்றில் ஓரமாக ஓடும் மெல்லிய செம்புக் கம்பி தெரியும். சில சுற்றுகள்தான். அதன் இரு முனைகளும் சிப்போடு சேர்ந்திருக்கும். கடைக்காரரின் மெஷினுக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலத்தில் ஒரு சுருளை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். கார்டின் சிப் விழித்துக்கொள்ள அது போதும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மெஷினிலும் மறு பாதி உங்கள் பர்ஸிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(1831இல் மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிவைத்து இதைக் கண்டுபிடித்தபோது எந்த பர்கர் கடையும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'மூன்று ஆண்டில் என்ன பயன்' என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டு வைக்கிறார்களே, அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.)

சரி, கார்டு விழித்துக்கொண்டது. பதில் எப்படிச் சொல்லும்? சொந்தமாக அலை அனுப்ப அதற்குச் சக்தி கிடையாது. வாங்குவதே பிச்சை மின்சாரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு ஒரு கணம் மங்குமே, பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே லைனில் அவர் கூடுதலாக மின்சாரம் இழுத்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் மோட்டார் போட்ட செய்தி நமக்கு வந்துவிட்டது. இப்போது அவர் வேண்டுமென்றே மோட்டாரைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டால்? நம் பல்பின் மினுக்கலிலேயே ஒரு கடிதம் எழுதிவிடலாம்.

கார்டு செய்வது அச்சாக இதுதான். தன் சுருளோடு ஒரு சுமையை, அதாவது அந்த மோட்டார்போல மின்சாரம் இழுக்கும் ஒன்றை, சேர்க்கிறது, விலக்குகிறது, சேர்க்கிறது. சேர்க்கும்போது மெஷினின் சுருளில் ஒரு சின்னச் சோர்வு தெரியும். மெஷின் அந்தச் சோர்வைத்தான் படிக்கிறது. வேகம்தான் மலைக்க வைக்கும்: நொடிக்குச் சுமார் 8 லட்சத்து 47 ஆயிரம் மினுக்கல். பரவலாக உள்ள ஒரு வகையில், ஒவ்வொரு பிட்டுக்கும் (1 அல்லது 0 என்ற ஒரு துளித் தகவலுக்கு) ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவான நேரம். அந்த நேரத்தின் முன்பாதியில் நாலு தடவை மினுக்கினால் 1, பின்பாதியில் நாலு தடவை மினுக்கினால் 0. கார்டு வாயைத் திறப்பதே இல்லை. தனக்குச் சோறு போடுகிறவரின் கையை அழுத்துவதும் விடுவதுமாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

கிட்டே வைத்தால் மட்டும் ஏன் எடுக்கிறது என்பதும் இங்கேயே விளங்கும். மெஷினின் சுருளுக்கு 3 செ.மீ. ஆரம் என்று வைத்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். சுருளின் நடுவில் உள்ள புலத்தோடு ஒப்பிட்டால், 4 செ.மீ. தள்ளி ஐந்தில் ஒரு பங்கு. 8 செ.மீ. தள்ளி 23இல் ஒரு பங்கு. 12 செ.மீ. போனால் 70இல் ஒரு பங்கு. காரிலிருந்து கை எட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் கார்டு விழிக்கவே விழிக்காது.

பர்ஸிலிருக்கும் கார்டை யாரோ நடந்துபோகிற போக்கில் உறிஞ்சிவிடுவார் என்று பயந்து தகடு வைத்த பர்ஸ் வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில். தகடு புலத்தைத் தடுக்கும், பொய்யில்லை. ஆனால் பர்ஸிலேயே ஒட்டிவைத்துப் படித்தாலும் திருடனுக்குக் கிடைப்பது அரைகுறைத் தகவல்தான். வண்டியில் எலுமிச்சை மிளகாய் கட்டுவதும் இதுவும் எனக்கு ஒன்றுதான். எலுமிச்சையாவது மலிவு.

இனி போன். போனுக்குள் இடம் குறைவு, சுற்றிலும் உலோகம், சுருளும் சின்னது. வெறும் சுமையைச் சேர்த்து விலக்கினால் மெஷினுக்கு உறைக்காது. ஆகவே பல போன்கள் பேட்டரியைப் பயன்படுத்தி, மெஷினின் அலையோடு தாளம் பிசகாமல் ஒரு அலையை அனுப்பி, கார்டு மினுக்குவதுபோலவே மிமிக்ரி செய்கின்றன. மெஷினுக்கு அது கார்டா போனா என்று அலையை வைத்துத் தெரியாது.

வித்தியாசம், அனுப்பும் எண்ணில். இரண்டுமே ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புதிதாக ஒரு சங்கேதத்தைக் கணக்கிட்டுத் தருகின்றன. தொகை, மெஷின் தந்த ஒரு தற்செயல் எண், எத்தனையாவது பரிமாற்றம் என்ற எண்ணிக்கை எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒட்டுக்கேட்டு நாளைக்குத் திரும்பச் சொன்னால் வங்கி ஏற்காது. ஆனால் கார்டு தன் உண்மையான 16 இலக்க எண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. போன் சொல்வது அந்தப் போனுக்கென்று ஒதுக்கிய மாற்று எண். கடையின் கம்ப்யூட்டரையே யாராவது கொள்ளையடித்தாலும் உங்கள் கார்டு எண் அங்கே இருக்காது.

ஆனாலும் டிரைவ் த்ரூவில் எனக்குக் கவலை அலையைப் பற்றி அல்ல. கார்டு கைமாறி, ஜன்னலுக்கு உள்ளே, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகிறதே, அதைப் பற்றித்தான். முன்பக்கம் எண்ணும் தேதியும், பின்பக்கம் மூன்று இலக்கமும் அச்சடித்து வைத்திருக்கிறோம். மெஷின்மேல் வைத்துக் காட்டும்போது அந்த மூன்று இலக்கம் போவதில்லை. கையில் கொடுத்தால் ஒரு போட்டோ போதும். பின்னாலிருக்கும் கறுப்புக் காந்தப்பட்டை இன்னும் மோசம். அதில் இருப்பது என்றும் மாறாத ஒரே பதில், ஒரு தடவை தேய்த்தால் நகல் தயார். தன் கிரெடிட், டெபிட் கார்டுகள் எதிலும் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு 2033ஐக் கெடு வைத்திருக்கிறது. அதுவரை ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான்.

ஆகவே டாலஸ் வாசகிக்கு: போனே மேல். பெரும்பாலும் உங்கள் முகமோ விரலோ ரகசிய எண்ணோ இல்லாமல் அது பணம் தராது, அதனால் இன்னொருவர் கையில் கொடுக்கவும் தோன்றாது. கார்டுதான் என்றால் மெஷினை வெளியே நீட்டச் சொல்லி நீங்களே வையுங்கள், அப்போது வித்தியாசம் சொற்பம். போனில் சார்ஜ் தீர்ந்த நாளுக்குக் கார்டும் வேண்டும். காரில் உட்கார்ந்தபடி போனை எடுத்தால் போலீஸ் பிடிக்குமோ என்ற கேள்வியும் ஒரு காலத்தில் இருந்தது. பிரிட்டனில் 2022 மார்ச்சில் ஓட்டுநர் கையில் போன் வைத்திருப்பதற்கான சட்டத்தை இறுக்கியபோது, நின்றிருக்கும் வண்டியிலிருந்து இப்படிப் பணம் செலுத்துவதற்குத் தனியாக ஒரு விலக்கு எழுதினார்கள்.

மூன்று தடவை வைக்க வேண்டியிருப்பது மெஷினின் கோளாறாக இருக்காது. ஐபோனில் சுருள் மேல்விளிம்பை ஒட்டி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவில், அல்லது கேமராவுக்குக் கீழே. நடுமுதுகை வைக்க வேண்டிய போனின் நுனியை நீட்டினால் அந்த 8 செ.மீ. கணக்கு உங்களுக்கு எதிராக வேலை செய்யும். அடுத்த முறை உங்கள் போனின் சுருள் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தை மெஷினின் மேல் நேராக வைத்துப் பாருங்கள்.