மடை யார் கையில்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கன்னிப்பூ சாகுபடிக்காக, அதாவது வருடத்தின் முதல் நெல் போகத்துக்காக, ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணையைத் திறப்பார்கள். திறந்த அன்றைக்கே எல்லா வயலுக்கும் தண்ணீர் வந்துவிடாது. கால்வாய் தூர்ந்து கிடக்கும், நடுவில் யாராவது மடையை அடைத்து வைத்திருப்பார்கள், கடைவரம்பு வயல்காரர் நாற்று காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொந்தக் கிணறு இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை, அவர் யாரோடும் தைரியமாகச் சண்டை போடுவார். கிணறு இல்லாதவர் மடைக்காரரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஏழை நாடுகளில் ஒரே ஆள் ஏன் முப்பது வருடம் அசையாமல் ஆட்சியில் உட்கார்ந்திருக்கிறார், அதே நாடுகள் ஏன் ஏதோ ஒரு பொருளை விற்றே காலம் தள்ளுகின்றன என்ற இரண்டு கேள்விக்கும் பாதி விடை இங்கேயே இருக்கிறது. "கண்டிப்பான ஒருத்தர் வந்தால்தான் நாடு உருப்படும்" என்று மார்த்தாண்டம் டீக்கடையில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு அரசுக்குப் பணம் வர முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, மக்கள் உழைத்துச் சம்பாதித்ததில் வரி வாங்குவது. லட்சக்கணக்கான பேரிடம் வாங்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், "எதற்கு வாங்குகிறாய்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஒரு சுரங்கம், ஒரு எண்ணெய்க் கிணறு, ஒரு பெரிய தோட்டத்தின் குத்தகை, இல்லாவிட்டால் வெளிநாட்டுக் கடன். இந்தப் பணம் ஒரே மடை வழியாக வருகிறது, அதன் சாவி தலைநகரத்தில் இருக்கிறது. ஈரானியப் பொருளாதார அறிஞர் ஹுசைன் மஹ்தவி 1970-ல் தன் நாட்டு எண்ணெய்ப் பணத்தை ஆராய்ந்து இதை விளக்கினார்: இப்படி உழைக்காமல் வரும் பணத்தில், அதாவது வாடகையில், வாழும் அரசுக்குக் குடிமக்களின் உழைப்பு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. உழைப்பு தேவைப்படாதபோது சம்மதம் மட்டும் எதற்கு?

எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருப்பதால் ஆப்பிரிக்காவில் இருக்கும் லைபீரியாவின் கதை எனக்குக் கூடுதலாக வலிக்கும். 1926-ல் அந்த நாடு ஃபயர்ஸ்டோன் என்ற அமெரிக்க டயர் நிறுவனத்துக்கு, ரப்பர் தோட்டம் போட, 10 லட்சம் ஏக்கர் வரை 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஏக்கருக்கு வருடம் 6 சென்ட்! அதோடு 50 லட்சம் டாலர் கடன், அந்தக் கடனுக்குப் பாதுகாப்பாக நாட்டின் வரவு செலவைக் கண்காணிக்க அமெரிக்க அதிகாரிகள். மறு வருடமே தேர்தல் நடந்தது. வாக்குரிமை இருந்தவர்கள் சுமார் 15,000 பேர், அதிபர் சார்லஸ் கிங் வாங்கியதாக அறிவிக்கப்பட்ட வாக்குகளோ 2 லட்சத்துக்கும் மேல். ஊர்க்காரர்களைக் கட்டாயப்படுத்தி வேலைக்குப் பிடித்து அனுப்பியதில் அரசின் மேல்மட்டத்துக்கே பங்கு உண்டு என்று 1930-ல் சர்வதேச விசாரணைக் குழு சொன்ன பிறகுதான் அவர் பதவி விலகினார். ஆனால் அவருடைய கட்சி 1980-ல் ராணுவம் கவிழ்க்கும்வரை ஆட்சியை விடவில்லை.

அதே மரம்தான் எங்கள் மாவட்டத்துக் குலசேகரத்திலும் நிற்கிறது, அதே பால்தான் சிரட்டையில் வடிகிறது. இங்கேயும் விலை எங்கேயோ தீர்மானமாகிறது. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது, பல பேர் பால் வெட்டுவதையே நிறுத்தினார்கள். ஆனால் இங்கே அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களை விட்டால் மீதி பெரும்பாலும் ஒன்று, இரண்டு ஏக்கர்காரர்களுடையது. மரத்தோடு வாழையும் தென்னையும் இருக்கும், வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருப்பார். விலை விழுந்தால் அடி பலமாகத்தான் விழும், ஆனாலும் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. மறியல் செய்யலாம், ஓட்டை மாற்றிப் போடலாம்.

சரி, மடை கையில் இருக்கும் ஆட்சியாளர் நினைத்தால் அந்தப் பணத்தில் மற்ற தொழில்களை வளர்க்கலாமே? வளர்க்க மாட்டார். இந்த இடம்தான் விஷயத்தின் முடிச்சு. தொழில் வளர்ந்தால் ஊருக்கு ஊர் சொந்தக் கிணறு வெட்டியது போல ஆகிவிடும், நாளைக்கு எதிர்த்துப் பேசுகிறவருக்குப் பின்னால் பணம் நிற்கும். அதனால் நாடு ஒரே பொருளை நம்பியிருப்பது அவருக்குப் பாதுகாப்பு. ஜயர் நாட்டில், அதாவது இன்றைய காங்கோவில், 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு செய்ததைப் பாருங்கள். செம்பு கிடைக்கும் கடாங்கா பகுதி 1960-ல் தனி நாடாகப் பிரிந்துபோகப் பார்த்த இடம். அங்கேயே நீர்மின்சாரம் எடுக்க வசதி இருந்தும், தலைநகரத்துக்குப் பக்கத்து இங்கா அணையிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டருக்கு மின்கம்பி இழுத்தார்கள், 1982-ல் வேலை முடிந்தது. வழியில் இருந்த கிராமங்கள் இருட்டிலேயே கிடந்தன, கம்பி அவர்கள் தலைக்கு மேலே போனது. செம்புச் சுரங்கத்தின் ஸ்விட்ச் மட்டும் தலைநகரத்தின் பக்கம் வந்துவிட்டது. இதெல்லாம் நடக்கும்போது 1970-களின் நடுவிலேயே செம்பு விலை சரிந்திருந்தது, கடன் மேல் கடன். பனிப்போர் நடந்தவரை அவருக்குக் கொடுக்க ஆள் இருந்தது.

கடனுக்கு இன்னொரு குணமும் உண்டு, வாங்கியவர் போன பிறகும் அது போகாது. பிலிப்பைன்ஸில் மார்கோஸ் ஆட்சியில் 200 கோடி டாலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய பட்டான் அணுமின் நிலையம் ஒரு பல்பைக்கூட எரிய வைக்கவில்லை. அவரை மக்கள் 1986-ல் விரட்டினார்கள், அந்த நிலையத்தின் கடனை 2007 வரை கட்டினார்கள். அவர் துரத்தப்பட்ட வருடம் பிறந்த குழந்தைக்கு அப்போது 21 வயது.

வளம் இருந்தாலே சர்வாதிகாரம் என்று சொல்ல வரவில்லை. போட்ஸ்வானாவில் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், 1967-ல், வைரம் கிடைத்தது. அங்கே தேர்தல் ஒருபோதும் நிற்கவில்லை, வைரப் பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது, 2024-ல் ஆளுங்கட்சியே தோற்றுப் பதவியை அமைதியாக விட்டுக்கொடுத்தது. ஆனால் வைரத்தை நம்பியிருப்பது மட்டும் இன்னும் தீரவில்லை, சந்தை படுத்தால் அவர்கள் வயிற்றிலும் அடிக்கிறது.

நம் மாவட்டமும் இப்படி ஒரு திருப்பத்துக்குப் பக்கத்தில் போய்வந்ததுதான். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதிலிருக்கும் தோரியம் என்ற உலோகம் அப்போது கேஸ் விளக்கில் வெளிச்சம் தரும் மேன்டில் வலைக்கு உதவியது. அணுகுண்டுக்குப் பிறகு, தோரியம் அணுசக்திக்கும் உதவலாம் என்பதால், அந்த மணலின் மதிப்பே மாறிவிட்டது. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம், மன்னருக்குக் கீழே ஆட்சியை நடத்திய திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். சட்டசபையை மக்கள் தேர்ந்தெடுக்கலாம், திவானை மட்டும் சட்டசபை நீக்க முடியாது என்பது 1946-ல் அவர் கொண்டுவந்த திட்டம். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார், பிரிட்டன் தேடிய அந்தத் தோரியம் அவர் கையிலிருந்த பெரிய துருப்புச் சீட்டு. ஜூலை 25-ல் அவரை ஒருவர் வெட்டினார், சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர சம்மதித்தது. வெட்டு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நிலவரி கட்டியவர்கள், கயிறு திரித்தவர்கள், வியாபாரிகள், வக்கீல்கள் என்று எதிர்த்து நிற்கக்கூடிய ஒரு பெரிய கூட்டம் ஏற்கெனவே இங்கே இருந்தது.

அந்த மணலை இன்றைக்கு மத்திய அரசின் நிறுவனம் பிரித்தெடுக்கிறது. கிள்ளியூர் வட்டாரக் கடலோரத்திலும் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2024-ல் அங்கத்து மீனவர்கள் ஊர் ஊராகக் கூடி, யாரைக் கேட்டு எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.