கொப்பியில் ஏறாத காசு

கணக்குப் பார்க்கிறவனைச் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பார் என் மனைவி. சரிதான். றாஃப்டிங், அதாவது வேகமாக ஓடுகிற ஆற்றில் ரப்பர் படகில் போகிற விளையாட்டு, அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துக் கித்துல்கலவுக்குப் போன இடத்திலும், மற்றவர்கள் களனி கங்கைக் கரையில் நின்று உயிர்காப்பு அங்கியை இறுக்கிக்கொண்டிருக்க, நான் எங்கள் காசு யார் யார் கைக்குப் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் படகு வெளிநாட்டுச் சாமான், அதற்குப் போன காசு ஊரில் நிற்காது. ஆனால் பின்னால் இருந்து துடுப்போடு கட்டளை போட்ட பொடியன் அந்த ஊர், படகுகளை மேலே ஏற்றிப்போன லொறிக்காரர் அந்த ஊர், நனைந்து நடுங்கி வந்த எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, உடுப்பு மாற்றப் பின்னறையைத் திறந்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய அக்காவும் அந்த ஊர்தான். நாங்கள் புட்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். இல்லாவிட்டால் இன்னொரு வீட்டிலும் உலை வைத்திருப்பார்கள்.

அதே ஆற்றில்தான் 35 மெகாவாட் ப்ரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டமும் வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் பிழைப்புப் போய்விடும் என்று றாஃப்டிங்காரர் அப்போது எதிர்த்தார்கள். கரண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அணைக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இத்தனை அலகு, இத்தனை ரூபாய் என்று. பின்னறை அக்காவின் வருமானம் எந்தக் கடதாசியில் இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் அப்படிப் பாறையில் மோதி ஓடுகிற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும். ஆனால் கடல்நீரேரியில் ஆட்களை ஏற்றிக் காட்டுகிற படகுகள் இருக்கின்றன. நாளைக்குப் பாலமோ இறால் பண்ணையோ வந்து ஆறு மாதம் தொழில் படுத்தால், நட்டஈடு கேட்டுப் போகிற இடத்தில் எவ்வளவு நட்டம் என்று கேட்பார்கள். வங்கிக் கடனுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே கேள்விதான். வாயால் சொல்கிற தொகையை யாரும் எடுக்கமாட்டார்கள்.

என்னிடம் வந்த ஒரு படகுக்காரரிடம் நாள் வருமானம் கேட்டேன். "எப்பிடியும் வரும் தம்பி" என்றார். கையில் இருந்ததோ மண்ணெண்ணெய்க் கடன் எழுதிய துண்டு ஒன்றுதான். ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன்: திகதி, ஏறிய ஆட்கள், வந்த காசு, மண்ணெண்ணெய், உதவிப் பொடியனின் சம்பளம், அப்புறம் பயணிகளுக்குச் சமைத்த வீட்டுக்குக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், பொடியனின் சம்பளத்தைவிடச் சமைத்த வீட்டுக்குப் போனது கூட. அவருக்கே அது புதினம்.