வெளியே எதுவும் சாப்பிடலை, டாக்டர்!

திங்கட்கிழமை காலையில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் கேள்வியை முடிக்கவே விடமாட்டார்கள். "வெளியே எதுவுமே சாப்பிடலை டாக்டர், எல்லாம் வீட்டுல செஞ்சதுதான்" என்பார்கள். அதோடு விசாரணை முடிந்துவிட்ட மாதிரி ஒரு தொனி. நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். என்ன செய்தீர்கள்? எத்தனை மணிக்குச் செய்தீர்கள்? சாப்பிடும்வரை எங்கே வைத்திருந்தீர்கள்?

ஞாயிறு என்றால் கறிக்குழம்பு என்றிருந்த வீடுகளில் இப்போது ஃப்ரைட் ரைஸ், பாஸ்தா, ராஜ்மா, மயோனைஸ் தடவிய சாண்ட்விச் எல்லாம் சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் கேட்கிறார்கள், யூடியூபைப் பார்த்து அம்மாவோ அப்பாவோ செய்து தருகிறார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான். கடையில் வாங்குவதைவிட எண்ணெயும் உப்பும் நம் கட்டுக்குள் இருக்கும். என் ஆதங்கம் ஒன்றே ஒன்று. பண்டம் வந்துவிட்டது, அதைக் கையாளும் பக்குவம் கூடவே வரவில்லை. நம் சமையலில் காவல் செய்முறைக்குள்ளேயே இருந்தது. புளி, மோர், எலுமிச்சை, உப்பு, மிஞ்சிய குழம்பைச் சுண்டக் காய்ச்சுவது என்று ஏதாவது ஒன்று பார்த்துக்கொள்ளும். அதனால் யாரும் தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்தவற்றில் பலவற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஞாயிறு இரவு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கத் தொடங்கி, விடிந்ததும் வந்தார்கள். பாட்டிக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவர் இரவு இட்லி சாப்பிட்டிருந்தார். மற்ற மூவரும் எக் ஃப்ரைட் ரைஸ். முட்டை பழசா என்ற சந்தேகத்தோடுதான் வந்தார்கள். நான் சோற்றைப் பற்றிக் கேட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வடித்த சோறு, ஹாட்பாக்ஸில் இருந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு எடுத்துக் கிளறியிருக்கிறார்கள்.

"பழைய சாதத்துல செஞ்சாத்தான் உதிரி உதிரியா வரும்னு வீடியோல சொன்னாங்க டாக்டர். நல்லா ஆவி பறக்கத்தான் கிளறினேன்" என்றார் அந்த அம்மா.

பாட்டி விடவில்லை. "நாங்க காலம்பூரா பழைய சோறு தின்னுதான் வளந்தோம் டாக்டரம்மா. எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இரண்டுமே நியாயமான பேச்சு. அதனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். வயல் மண்ணிலிருந்து வருவது. அது ஸ்போர் எனப்படும் உறைவித்து நிலையில் அரிசியோடு ஒட்டியிருக்கும். சோறு கொதிக்கும் சூட்டில் சாகாது. வெந்த சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பாக வரும்போது அந்த உறைவித்து விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் உள்ள இடைவெளியைத்தான் உணவுப் பாதுகாப்பில் ஆபத்து வெப்பநிலை என்கிறோம். சித்திரை, வைகாசியில் நம் சமையலறை அந்த இடைவெளியின் நட்டநடுவில் இருக்கிறது. ஹாட்பாக்ஸ் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் நல்ல சூட்டில் வைத்திருக்கும். அதன் பிறகு அது செய்வதெல்லாம் சோற்றை ஆறவிடாமல் வெதுவெதுப்பிலேயே பிடித்து வைப்பது. பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

பெருகும்போது இது செர்யூலைடு என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விழித்துப் பெருகிய பாக்டீரியாவைச் சூட்டால் கொல்லலாம், ஆனால் ஏற்கெனவே உண்டான அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வாணலியில் ஐந்து நிமிடம் ஆவி பறக்கக் கிளறுவது அதை ஒன்றும் செய்யாது. மணமும் ருசியும் மாறாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மிக அரிதாக மோசமாகும். பெல்ஜியத்தில் 2008ஆம் ஆண்டு, ஐந்து நாள் வெளியே இருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் ஒருவர் இறந்திருக்கிறார். ஆகவே இது அரிசிக்கு மட்டுமான சங்கதி இல்லை. பாஸ்தா, நூடுல்ஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஃப்ரைட் ரைஸுக்கும் இதற்கும் உள்ள உறவு பழையது. 1970களின் தொடக்கத்தில் லண்டன் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தபோதுதான் இந்த வகை நஞ்சு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. சோற்றை மொத்தமாக வேகவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி தட்டும் என்று வெளியிலேயே விட்டு, ஆர்டர் வரவர வறுத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் நடப்பதும் அச்சு அசல் அதே.

சரி, பாட்டியின் கேள்வி. பழைய சோறு வேறு சங்கதி. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகிப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏறினால் பேசில்லஸ் சீரியஸ் தலைதூக்குவது கடினம். தயிர்ச்சோற்றுக்கும் புளியோதரைக்கும் இதே கதைதான். ரயில் பயணத்துக்கு இந்த இரண்டையும் கட்டிக்கொண்டு போனவர்கள் விவரமானவர்கள். அதற்காகப் பழைய சோறு எந்நேரமும் பத்திரம் என்று அர்த்தமில்லை. இரவு ஊற்றியதைக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், மதியம்வரை வைத்திருக்கக் கூடாது. கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். தண்ணீர் ஊற்றாமல், புளிப்பும் இல்லாமல், மூடிவைத்த வெறும் சோற்றுக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது.

உதிரியான ஃப்ரைட் ரைஸுக்குப் பழைய சோறுதான் வேண்டுமென்பதில்லை. சோற்றின் மேல் ஈரம் காய்ந்திருந்தால் போதும். பாஸ்மதியோ சீரகச் சம்பாவோ, ஊறவைத்து, தாராளமான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, நடுவில் இம்மி கடிபடும் பதத்தில் வடித்துவிடுங்கள். பெரிய தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். இடையில் ஒரு முறை முள்கரண்டியால் லேசாகப் புரட்டினால் கால் மணி, இருபது நிமிடத்தில் ஆவி அடங்கிப் பருக்கை தனித்தனியாக நிற்கும். உடனே வாணலிக்குப் போகலாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல் இரண்டு பேருக்கு ஒரு ஈடு என்று கிளறினால் குழையவே குழையாது. நாளைக்குத்தான் வேண்டும் என்றால், அதே மாதிரி பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குக்கரோடு தூக்கி உள்ளே வைத்தால் நடுச்சோறு ஆற பல மணி நேரம் ஆகும். அது வெளியே வைத்ததற்குச் சமம்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது பள்ளி டிபன் டப்பா. நேற்றிரவுச் சோற்றைக் காலை ஏழு மணிக்குக் கிளறி, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, பிள்ளை அதை பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. அந்த ஐந்தரை மணி நேரமும் வெதுவெதுப்பு. டப்பாவுக்குக் காலையில் வடித்த சோறு மட்டும்தான். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு கட்டினால் இன்னும் நிம்மதி. பாஸ்தா, ஃப்ரைட் ரைஸ் வேண்டும் என்று அடம் பிடித்தால், வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ஃபிளாஸ்க் டப்பாவில் கொதிக்கக் கொதிக்க அடைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை இரவுக்கு என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

அடுத்து ராஜ்மா. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து கொட்டை போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டிவிடும். பஞ்சாபி வீடுகளில் மணிக்கணக்கில் குழைய வேகவைப்பது ருசிக்கு மட்டுமல்ல. நம் வீடுகளில் சுண்டல் பதத்துக்கு நிறுத்திவிடுகிறோம், சாலட்டுக்கு என்றால் உடையாமல் இருக்க அதற்கும் முன்பே. ஸ்லோ குக்கர் வாங்கியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கொதிநிலைக்கு வராத மிதமான சூட்டில் இந்த நஞ்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வையுங்கள். விசில் கணக்கை நம்ப வேண்டாம், பழைய சரக்காக இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் தோலோடு மாவாக வேண்டும். நடுவில் வெள்ளையாக ஒரு கெட்டிப் பொட்டு தெரிந்தால் மறுபடியும் குக்கரை மூடுங்கள்.

பூண்டு எண்ணெய் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனாலேயே சொல்கிறேன். பாஸ்தாவுக்கும் நூடுல்ஸுக்கும் நறுக்கிய பூண்டை ஆலிவ் எண்ணெயில் போட்டு பாட்டிலில் அடைத்து, அடுப்பு மேடையில் அழகாக வைக்கிறார்கள். பூண்டில் மண்ணிலிருந்து வந்த கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா இருக்கலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடம்தான் அதற்கு வேண்டும். எண்ணெய் அதை அப்படியே கொடுத்துவிடுகிறது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தின் பூண்டு எண்ணெயால் 36 பேர், அந்த பாக்டீரியாவின் நஞ்சு நரம்புகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோயில் விழுந்தார்கள். முதலில் பலருக்கு என்ன நோய் என்றே பிடிபடவில்லை. நம் பூண்டு ஊறுகாயும் எண்ணெயில்தானே மிதக்கிறது என்று கேட்கலாம். அதில் புளியோ எலுமிச்சையோ உப்போடு சேர்ந்து நிறைய இருக்கிறது. வெறும் பூண்டு எண்ணெயில் அது இல்லை. அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில், மூன்று நாளுக்குள்.

மயோனைஸ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தெலங்கானா 2024இலும் தமிழக அரசு 2025 ஏப்ரலிலும் ஓராண்டுத் தடை விதித்தன. சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள்தான் காரணம். கடைக்குத் தடை போட்டதும் பலர் மிக்ஸியில் பச்சை முட்டையை அடித்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்! ஆபத்து முட்டையில் இருக்கிறது, கடைப் பெயர்ப் பலகையில் இல்லை. தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியவிட்டு, மிளகுத்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் வித்தியாசம் சொல்வார்கள்தான், ஆனால் சாப்பிட்டுவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாந்தி வந்துவிட்டால், வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடி எடுக்காதீர்கள். ஏற்கெனவே உண்டான நஞ்சின் மேல் அதற்கு வேலையில்லை. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் மொத்தமாகக் கரைத்து, வாந்தி நின்ற பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். டம்ளரோடு கொடுத்தால் திரும்ப வந்துவிடும். பாட்டில் குளிர்பானமும் டப்பா ஜூஸும் அதற்கு ஈடாகாது, சர்க்கரை அதிகமாகி வயிற்றுப்போக்கு கூடும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, அடங்காத காய்ச்சல், பிள்ளை துவண்டு கிடப்பது, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். கண் இமை தானாகத் தொங்குவது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது என்றால் பாட்டுலிசமாக இருக்கலாம்; வாந்தியே இல்லாவிட்டாலும் என்னைப் போன்ற சின்ன கிளினிக்குக்கு வந்து நேரத்தை வீணாக்காமல், ஐசியூ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.